சுத்தம் சோறு போடாது!

‘சுத்தம் சோறு போடும்’ என்று நம் வீட்டுப் பாட்டிமார்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதை நம்பித்தான் நாமும் விடிந்ததும் வாசல் தெளிக்கிறோம், பாத்திரம் துலக்குகிறோம், தரையைத் துடைக்கிறோம். ஆனால் அந்தப் பழமொழி செல்லாத இடம் ஒன்று இருக்கிறது. சுத்தம் கூடக் கூடச் சோறு குறைந்து, கடைசியில் பட்டினியாலேயே உயிரை விடுகிற பிராணி ஒன்று இருக்கிறது. அதுவும் சத்தம் போடாமல், முகம் சுளிக்காமல், ‘பசிக்கிறது’ என்று ஒரு ஜாடை கூடக் காட்டாமல்!

அதன் பெயர் கடற்பஞ்சு. ‘ஸ்பாஞ்சு’ என்றால் சட்டென்று புரியும். “பாத்திரம் தேய்க்கிற பஞ்சுக்குப் பசியா?” என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. சமையலறையில் மஞ்சளும் பச்சையுமாகக் கிடப்பது தொழிற்சாலைச் சரக்கு. நாம் பேசப் போவது அந்தப் பெயருக்கு உரிய அசல் ஆசாமியைப் பற்றி. சமுத்திரத்தின் அடியில் பாறையைப் பற்றிக்கொண்டு வாழ்கிற, உயிருள்ள ஆசாமி!

இப்போது அதைப் பற்றி என்ன பேச்சு என்கிறீர்களா? முன்பெல்லாம் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் நாலு தங்க மீன் என்றால் பெருமை. இப்போது ஆசை வளர்ந்து விட்டது. நல்ல தண்ணீர் போய், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலந்த உப்பு நீர்த் தொட்டி வந்து விட்டது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன், அது படுத்துப் புரளும் கடற்சாமந்தி என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். அந்தச் சமயத்தில் செம்பருத்திப் பூவைப் போன்ற சிவப்பிலோ, மாம்பழ மஞ்சளிலோ, கிளைகிளையாக ஒரு கடற்பஞ்சு கண்ணில் பட்டால் போதும், மனசு நழுவி விடுகிறது. “மீனைப் போல ஓடாது, சண்டை போடாது, இரையும் போட வேண்டாமாம். ஒரு மூலையில் அழகாக நிற்கட்டுமே!” என்று தோன்றுகிறது.

நிற்கத்தான் செய்யும். சில வாரங்கள், சில சமயம் சில மாதங்கள். ஆனால் நிற்பது வேறு, வாழ்வது வேறு.

கடலை ஆற்றிய பணிப்பெண்

வீட்டுக்குள் கடலைக் கொண்டுவந்து வைக்கும் ஆசை புதிதல்ல. அதைச் செய்து காட்டிய முன்னோடிகளில் ஒருவர் ஒரு பெண்மணி என்பது நமக்குப் பெருமை தரும் விஷயம்.

இங்கிலாந்தில் அன்னா தின் என்று ஒரு சீமாட்டி இருந்தார். 1846-ஆம் ஆண்டு டார்க்கீ என்ற கடற்கரை ஊருக்குப் போனவர், அங்கே பவளப் பூச்சிகளைக் கண்டு மயங்கி, லண்டனுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தார். வழியில் அவை குலுங்கிச் சேதமாகாமல் இருக்க என்ன செய்தார் தெரியுமா? ஊசியும் நூலும் எடுத்து, அவற்றை ஒரு பெரிய பஞ்சின் மேல் தைத்து, கடல் நீர் நிரப்பிய ஜாடிக்குள் வைத்துக் கொண்டு வந்தார்!

லண்டனில் புதிய கடல் நீருக்கு எங்கே போவது? இருக்கிற நீரையே திறந்த ஜன்னலருகே வைத்து, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு உயரத் தூக்கி ஊற்றி, ஊற்றிக் காற்றைக் கலக்கச் செய்தார். நாம் டபரா டம்ளரில் காபி ஆற்றுகிறோமே, அதே வித்தைதான். ஆனால் தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம்! ஆற்றியது சீமாட்டி அல்ல, அவருடைய சின்னப் பணிப்பெண். அந்தப் பெண்ணின் கை வலியில் அந்தப் பவளங்கள் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பிழைத்திருந்தன.

இந்தக் கதையில் பஞ்சுக்குக் கிடைத்தது மெத்தை வேலை. பஞ்சையே உயிரோடு வளர்ப்பது என்றால், அதற்கு முதலில் அது எப்படி ஜீவிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வாயில்லா ஜீவன்

ஆட்டையும் மாட்டையும் ‘வாயில்லா ஜீவன்’ என்கிறோம். உண்மையில் அவற்றுக்கு வாய் இருக்கிறது, பேசத்தான் தெரியாது. நிஜமாகவே வாய் இல்லாத ஜீவன் கடற்பஞ்சுதான். வாய் மட்டுமா? வயிறு இல்லை, இருதயம் இல்லை, மூளை இல்லை, நரம்பும் இல்லை. பின்னே என்னதான் இருக்கிறது? துவாரம்! உடம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் துவாரங்கள்.

இதைச் செடி என்றே பலர் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். ஆனால் கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே, பிடுங்க வருவது தெரிந்தால் கடற்பஞ்சு சுருங்கிக் கொள்ளும் என்று கூறப்படுவதைக் குறிப்பிட்டு, அதற்கும் உணர்ச்சி உண்டு என்று எழுதி வைத்தார். 1825-இல் ராபர்ட் கிராண்ட் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், ஒரு கடிகாரக் கண்ணாடியில் கடல் நீர் விட்டு அதில் சின்னக் கடற்பஞ்சுத் துண்டை வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். அதன் பெரிய துவாரத்திலிருந்து ஊற்றுப் போல நீர் பீறிட்டு வெளியே வந்து கொண்டிருந்தது. ‘துவாரம் தாங்கிகள்’ என்ற பொருளில் இந்த இனத்துக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான்.

நடப்பது இதுதான். சிறு துவாரங்களின் வழியே நீர் உள்ளே போகிறது. உள்ளே சின்னஞ்சிறு அறைகள். அறைச் சுவர்களில் சாட்டை போன்ற வாலை ஓயாமல் சுழற்றிக்கொண்டிருக்கும் உயிரணுக்கள். அவைதான் நீரை இழுத்து, அதில் மிதக்கும் நுண்ணிய உணவைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைப் பெரிய துவாரத்தின் வழியே வெளியே தள்ளுகின்றன. பத்து சென்டிமீட்டர் உயரமும் ஒரு சென்டிமீட்டர் பருமனும் உள்ள ஒரு வகைக் கடற்பஞ்சில் இப்படி 22 லட்சத்துக்கும் மேற்பட்ட அறைகள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் சுண்டுவிரல் கனம்தான் இருக்கும். அது ஒரு நாளில் வடிகட்டும் நீர் 22.5 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரைக் குடம்!

இவ்வளவு நீரை இறைத்து அது பிடிக்கும் சாப்பாடு என்ன? பெரும்பாலும் பாக்டீரியாக்கள், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு இருக்கும் பாசித் துகள்கள், நீரில் கரைந்த உயிர்ச்சத்து. நாம் ‘அழுக்கு’ என்று எதைச் சொல்கிறோமோ, அதில் பாதி அதற்கு அமுது.

வஸ்திரகாயம்

இந்தப் பிராணியின் ஆயுள் பலம் சாமானியமானதல்ல. 1907-இல் எச். வி. வில்ஸன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு காரியம் செய்தார். சிவப்புக் கடற்பஞ்சு ஒன்றைச் சிறு துண்டுகளாக்கி, மாவு சலிக்கும் மெல்லிய பட்டுத் துணியில் வைத்துக் கடல் நீருக்குள் பிழிந்தார். வைத்தியர்கள் சூரணத்தை வஸ்திரகாயம் செய்வார்களே, அப்படி! உயிரணுக்கள் தனித்தனியாகச் சிதறிச் சிவப்புப் பொடியைப் போல அடியில் படிந்தன. இத்தோடு கதை முடிந்தது என்றுதானே நினைப்போம்? இல்லை. அந்த அணுக்கள் மெல்ல ஊர்ந்து ஒன்றையொன்று தேடிப் பிடித்து, சின்னச் சின்ன உருண்டைகளாகக் கூடி, நாளடைவில் மறுபடி கடற்பஞ்சாகவே வளர்ந்து விட்டன!

துணியில் இட்டுப் பிழிந்தாலும் சாகாத இந்த உயிர்தான் நம் வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் செத்துப் போகிறது. ஏன்?

தெளிந்த நீரில் பட்டினி

நல்ல உப்பு நீர்த் தொட்டி என்றால் நீர் தெளிவாக இருக்க வேண்டும். அதற்கு நுரை எழுப்பி அழுக்கைப் பிரிக்கும் ஒரு கருவி. கரைந்த கசடை உறிஞ்ச ஒரு பை நிறையக் கரி. கிருமிகளைக் கொல்ல ஒரு விளக்கு. எல்லாம் சேர்ந்து வேலை செய்து நீரைப் பளிங்காக்குகின்றன. வந்த விருந்தாளிகள், “தண்ணீர் இருப்பதே தெரியவில்லையே!” என்று மெச்சிவிட்டுப் போகிறார்கள். மூலையில் நிற்கும் கடற்பஞ்சோ அதே நேரத்தில் வெறும் நீரை இறைத்து இறைத்து வெளியே விட்டுக் கொண்டிருக்கிறது. உலை கொதிக்கிறது, அரிசி இல்லை!

பசி முற்றினால் அது தன் உடம்பையே கரைத்துச் சாப்பிட்டுக் கொள்ளும். மெல்ல மெல்லச் சுருங்கும். ஆனால் முள்ளும் நாரும் பின்னிய உள் சட்டம் உருவத்தைத் தாங்கி நிற்பதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சட்டென்று தெரிவதில்லை. “வாங்கி இரண்டு மாதம் ஆகிறது, நன்றாகத்தான் இருக்கிறது” என்று வீட்டுக்காரர் சொல்லிக் கொண்டிருக்கும்போதே அது முக்கால்வாசி முடிந்து போயிருக்கலாம். மீன் பட்டினி கிடந்தால் வயிறு ஒட்டும். செடி வாடினால் இலை தொங்கும். இதற்கு அந்தப் பாஷை கூட இல்லை.

சுத்தம் செய்யும் கேடு இத்தோடு நிற்கவில்லை. பெரும்பாலான கடற்பஞ்சு வகைகளின் முட்கள் சிலிக்காவினால் ஆனவை. மணலிலும் கண்ணாடியிலும் இருக்கும் அதே பொருள். நீரில் சிலிக்கா இருந்தால் தொட்டிக் கண்ணாடியில் பழுப்பு நிறப் பாசி படியும் என்று, தொட்டி வளர்ப்பவர்கள் அதைத் தேடித் தேடி வடிகட்டி விடுகிறார்கள். பஞ்சுக்குச் சோறும் போயிற்று, எலும்புக்கு வேண்டியதும் போயிற்று!

இன்னும் சில ஆபத்துகள். அலை வற்றும்போது வெயிலில் காய்ந்து பழகிய சில வகைகளைத் தவிர, மற்றவற்றைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கவே கூடாது. காற்றுக் குமிழிகள் உள்ளே புகுந்து குழாய்களை அடைத்துக்கொண்டால், அந்தப் பகுதி அழுகத் தொடங்கி விடும். கையில் எடுத்து, “எத்தனை அழகு!” என்று பார்க்கும் அந்த நிமிஷமே அதற்கு யமனாகலாம். பிரகாசமான விளக்கொளியில் வைத்தால் மேலே பாசி படர்ந்து மூச்சை அடைக்கும். கடலில் ‘ஏஞ்சல்’ என்று ஒரு மீன் இனம், பார்க்க ராணி மாதிரி இருக்கும். கடற்பஞ்சு அதற்கு விருந்துச் சாப்பாடு. அழுங்காமைக்கும் அப்படியே. ராணியையும் பஞ்சையும் ஒரே தொட்டியில் வைத்தால் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

செத்தும் கொடுக்கும், செத்தும் கெடுக்கும்

ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது என்றால் கடலில் எப்படிப் பிழைப்பது? பல கடற்பஞ்சு வகைகள் ரசாயனத்தைக் காவல் வைத்திருக்கின்றன. உடம்புக்குள் கசப்பும் நஞ்சுமான பொருள்களைத் தயாரித்து வைத்து, தின்ன வருகிறவர்களை விரட்டுகின்றன.

அந்த நஞ்சிலிருந்து மனிதனுக்கு மருந்து கிடைத்திருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன் என்ற விஞ்ஞானி ஃப்ளாரிடாக் கடலின் ஒரு கடற்பஞ்சில் இதுவரை அறியாத சில பொருள்களைக் கண்டெடுத்தார். அவற்றை முன்மாதிரியாக வைத்து உருவான ‘சைட்டராபின்’ என்ற மருந்து, ரத்தப் புற்றுநோய்க்காக 1969-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஜப்பான் கடலோரத்துக் கருநிறக் கடற்பஞ்சு ஒன்றிலிருந்து 1980-களில் பிரித்தெடுத்த பொருளைப் பின்பற்றி ‘எரிபுலின்’ என்ற மருந்தைச் செய்தார்கள். அது 2010-இல், முற்றிப் பரவிய மார்பகப் புற்றுநோய்க்காக அங்கே அங்கீகரிக்கப்பட்டது. எத்தனையோ குடும்பங்களில் தாய்மாரின் நாட்களை நீட்டித்துக் கொடுத்திருக்கும் மருந்து இது. பழைய நாளில் குளியலறைப் பஞ்சாக வந்ததும் இதன் சில வகைகளின் உலர்ந்த நார்க்கூடுதான். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்பது கீழக்கரை வள்ளலைப் பற்றிய பேச்சு. அவர் ஊர்க் கடலில் வாழும் இந்தப் பிராணிக்கும் அது பொருந்தத்தான் செய்கிறது.

ஆனால் நம் கூடத்துத் தொட்டியில் நடப்பது வேறு. அங்கே அது செத்தும் கெடுக்கும்! எல்லையில்லாக் கடலில் ஒரு கடற்பஞ்சு அழுகினால் யாருக்கும் தெரியாது. இருநூறு லிட்டர் தொட்டியில் அழுகினால் அம்மோனியா ஏறும், சில வகைகளின் உடம்பிலுள்ள நஞ்சும் நீரில் கலக்கும். காலையில் எழுந்து பார்த்தால் ஆசையாய் வளர்த்த மீன்கள் மிதந்து கொண்டிருக்கலாம். ஓரம் வெளிறுவது, வெள்ளைப் பூஞ்சை போலப் படிவது, சதை விலகி நார் தெரிவது, இவை கடைசி அறிகுறிகள். கண்டால் தயங்காமல் எடுத்து விட வேண்டும்.

அழையாத விருந்தாளி

“அப்படியானால் வீட்டுத் தொட்டியில் கடற்பஞ்சுக்கு இடமே இல்லையா?” என்று கேட்பீர்கள். இருக்கிறது. விலை கொடுத்து அழைத்து வந்தது தங்குவதில்லை. தானாக வந்தது தங்குகிறது. இதுதான் இதில் வேடிக்கை!

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு தொட்டியிலிருந்து வாங்கி வைக்கும் கல்லில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு வரும் சின்னக் கடற்பஞ்சுகள் உண்டு. தொட்டி பழகப் பழக, கல்லின் அடிப்பக்கத்திலும், வெளிச்சம் படாத இடுக்கிலும், வடிகட்டிப் பெட்டியின் இருட்டிலும் அவை முளைக்கும். வெள்ளை, சாம்பல், வெளிர் மஞ்சள் என்று மங்கலான நிறங்கள்தான். அவற்றில் ஒன்று நிலக்கடலை அளவில், உச்சியில் குடுமி வைத்த குட்டி அன்னாசிப் பழம் போல இருக்கும். வந்தால் கூட்டமாக வரும், சில காலம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் குறைந்தும் போகும். அதனால் தொட்டிக்கு ஒரு தீங்கும் இல்லை.

இந்த அடக்கமான விருந்தாளிகள் வெறுமனே தங்குவதில்லை, வீட்டு வேலையும் செய்கின்றன. பவளப் பாறைகளைச் சுற்றியுள்ள கடல் நீரில் சத்து மிகக் குறைவு. பின் அங்கே அத்தனை உயிர்கள் எப்படிப் பிழைக்கின்றன என்பது வெகு நாள் புதிர். 2013-இல் யாஸ்பர் டி கூய் என்ற நெதர்லாந்து விஞ்ஞானியும் அவர் குழுவினரும் அதற்கு ஒரு விடை சொன்னார்கள். நீரில் கரைந்து வீணாகப் போகும் சத்தைக் கடற்பஞ்சு உறிஞ்சி, தன் பழைய உயிரணுக்களை உதிர்த்து, அதைத் துகள்களாக வெளியே விடுகிறது. அந்தத் துகள்களைச் சின்னப் பிராணிகள் உண்கின்றன. மிஞ்சிய சாதத்தை வீணாக்காமல் வடாம் பிழிந்து வைக்கும் கெட்டிக்காரக் குடித்தனம்தான்!

பிடிவாதக்காரர்களுக்கு

இவ்வளவுக்குப் பிறகும், “இல்லை, வளர்த்தே தீருவேன்” என்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள்.

தொட்டிக்கு ஒரு வயதாவது ஆகட்டும். புதுத் தொட்டியில் நுண்ணுயிர்ச் சோறு ஊறியிருக்காது. கடலிலிருந்து பிடுங்கியது வேண்டாம். வேறொருவர் தொட்டியில் வளர்ந்ததன் சிறு துண்டு கிடைத்தால் அதை வாங்குங்கள். உடம்புக்குள் ஒளியில் உணவு தயாரிக்கும் நுண்ணுயிர்களைக் குடிவைத்திருக்கும் நீல, ஊதா வகைகள் சில உண்டு. அவை மற்றவற்றை விடத் தேவலை. தண்ணீருக்குள் வைத்தே பையிலிருந்து தொட்டிக்கு மாற்றுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். சில வகைகளின் முள் பட்டால் நாள் கணக்கில் அரிக்கும், எரியும். நீரோட்டம் நன்றாக இருக்கும் நிழலான இடமாகப் பாருங்கள். கடையில் கிடைக்கும் நுண்பாசி உணவைத் தினமும் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரே நாளில் அள்ளிக் கொட்டினால் நீர் கெடும், மீனுக்கு ஆபத்து. அம்மோனியாவை அடிக்கடி சோதித்துப் பாருங்கள். ஊருக்குப் போகும்போது அந்தச் சோற்றை யார் போடுவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துக் கொள்ளுங்கள். ஆசைப்படுகிறவர் ஒருவர், கை வலிக்க ஆற்றுகிறவர் இன்னொருவர் என்பது அந்த லண்டன் வீட்டோடு முடிந்த கதை அல்ல!

ராமேசுவரம், மண்டபம் பக்கம் சுற்றுலாப் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்தக் கடல் கடற்பஞ்சுக்குப் பேர் போனது. 2001-இல் பவளங்களையும், சுண்ணாம்பு முள் கொண்ட கடற்பஞ்சு வகைகள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தார்கள். ஆழமில்லாத நீரில் கைக்கு எட்டும் தூரத்தில் ஒன்று தெரிந்தாலும், கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக் கொள்ளுங்கள். பவளக் கல்லும் அப்படியே. அதை எடுப்பது சட்டப்படியும் குற்றம், தர்மப்படியும் குற்றம்.

வீட்டில் ஏற்கெனவே உப்பு நீர்த் தொட்டி இருக்கிறதா? அடுத்த முறை அதைத் துடைக்கும்போது, கல்லின் அடியில் வெள்ளையாக ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் அழுக்கு என்று சுரண்டி எறிந்து விடாதீர்கள். உங்கள் வீட்டுக் கடல் தன் காலில் நிற்கக் கற்றுக்கொண்டு விட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம். நூறு இடங்களில் சுத்தம் செய்யுங்கள். அந்த ஓர் இடத்தை மட்டும் விட்டு வையுங்கள்.